ஹார்லன் இழுத்த எல்லைக்கோடு

"இந்த ஃப்ரீஸர் எங்க வாங்கினது?" என்று கேட்டான் ஹார்லன், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தபடி.

பாத்திரம் கழுவுவதில் அவன் மனைவி டெனீஸுக்குத் திடீரென்று அக்கறை வந்துவிட்டது.

பட்டியலிலிருந்து ஃப்ரீஸரை அடித்தான்.

"சாப்பாட்டு மேசை?"

அவள் கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினாள். மேசையும் போயிற்று. அதோடு ஆறு நாற்காலிகளும் போயின.

"கட்டில்?"

"அது எங்கம்மா கொடுத்தது" என்றாள் டெனீஸ். "அதையாவது விட்டு வை. தரையில படுக்க என்னால ஆகாது."

அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குக் குடிபோகிறவர்கள் வீட்டுச் சாமான்களை ஒரு கரண்டி விடாமல் எழுதி எல்லைச் சாவடியில் நீட்ட வேண்டும். ஹூல்டன் ஊரில் வேறு யாராயிருந்தாலும் இதற்கு அலுத்துக்கொண்டிருப்பார்கள். ஹார்லனுக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. வீட்டில் எது எது லூசியன் வாங்கிப் போட்டது என்று கேட்க இத்தனை நாளும் மானம் இடம் கொடுக்கவில்லை. இப்போது அரசாங்கமே கேட்கிறது.

லூசியன் டெனீஸின் முதல் கணவன். விவாகரத்தாகி எட்டு வருஷம் ஆகியும் மூன்று தெரு தள்ளித்தான் குடியிருந்தான். மகள் டெஸ்ஸாவைப் பார்க்க ஞாயிறு தவறாமல் வருவான். வந்தவன் பார்த்துவிட்டுப் போனால்தான் பரவாயில்லையே. அடைத்த குழாயைச் சரிபண்ணுவான், கூரையில் ஏறிப் பனியைத் தள்ளுவான். டெனீஸின் அம்மாவுக்கு இன்றைக்கும் அவன்தான் 'மாப்பிள்ளை'. ஹார்லன் வெறும் ஹார்லன்.

ஹார்லனுக்கு வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, ஞாயிறு மத்தியானம் மாத்திரை போடுகிற அளவுக்கு எரிந்தது. "அவன் பேரோ கதையோ இந்த வீட்டுக்குள்ள யாரும் எடுக்கக் கூடாது" என்று கல்யாணமான முதல் வாரமே சட்டம் போட்டுவிட்டான்.

அவன் தொழில் நில அளவை. ஒழுங்காக ஒரு கோடு போட்டுக் கல்லை நட்டுவிட்டால் தீராத தகராறே கிடையாது என்பது அவனுடைய இருபது வருஷ அனுபவம். எல்லைக்கு அப்பால், கனடாவின் ஃப்ரெடரிக்டன் நகரில் ஓர் அளவை நிறுவனம் இரண்டு வருஷத்துக்கு ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டதும் பொறி தட்டியது. இரண்டு நாட்டுக்கு நடுவில் ஓடுகிற கோட்டைவிடப் பெரிய கோடு எங்கே கிடைக்கும்? மனைவியும் மகளும் அந்தப் பக்கம், லூசியன் இந்தப் பக்கம். இதற்காகத்தான் இத்தனை பாடும்.

"ஃப்ரெடரிக்டனா?" என்றாள் டெனீஸ் அன்றைக்கு. "அப்படின்னா உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமே."

"அவனைப் பத்தியா?"

"ஆமா, ஆனா..."

"அப்ப வேண்டாம்."

பட்டியல் ஒருவழியாக முடிந்தது. நூற்றுப் பன்னிரண்டில் முப்பத்தொன்பது மிஞ்சியது. அன்று சாயங்காலம் டெனீஸ் அடுத்த இடியை இறக்கினாள்.

"டெஸ்ஸாவுக்குப் பதிமூணு வயசுதான். பெத்த அப்பாவோட சம்மதக் கடிதம் வேணும், இல்லைன்னா எல்லையில பிரச்சினை பண்ணுவாங்க. நான் போய் வாங்கிட்டு வந்துடறேன்."

"நீ எதுக்கு? நான் போறேன்."

லூசியன் கதவைத் திறந்தபோதே குழம்பு வாசனை வந்தது.

"வாப்பா ஹார்லன், உட்காரு. மான்கறி இப்பதான் இறக்கினேன்."

சாப்பிடக் கூடாது என்று வைராக்கியமாகப் போனவன் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். நன்றாக இருந்தது. அந்த ஆத்திரம் வேறு சேர்ந்துகொண்டது. லூசியன் கடிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டான்.

"படிச்சுப் பார்க்க மாட்டியா?"

"என்னத்தைப் படிக்கிறது? நல்ல ஊருப்பா அது. பொண்ணுக்குப் பிடிக்கும்."

"மகளை வேற நாட்டுக்கே கூட்டிட்டுப் போறேன். உனக்கு வருத்தமே இல்லையா?"

"எனக்குச் சந்தோஷம்தான்" என்று சிரித்தான் லூசியன்.

ஹார்லனுக்கு அன்றிரவு தூக்கம் போச்சு. அழ வேண்டியவன் சிரித்தால் என்ன அர்த்தம்?

"அவன் ஏன் சிரிக்கிறான்?" என்று டெனீஸைக் கேட்டான்.

"சொல்லவா?"

"வேண்டாம்."

விடிந்ததும் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டான். சிரித்துக்கொண்டே போட்ட கையெழுத்தை அவன் நம்பத் தயாராயில்லை. நாலு பக்கத்துக்குப் புதிதாக ஒன்று எழுதினான். லூசியன் ஞாயிற்றுக்கிழமை வரக் கூடாது, குழாயைத் தொடக் கூடாது, முன்வாசலிலிருந்து முப்பது அடி தள்ளித்தான் நிற்க வேண்டும், வரைபடம் இணைப்பு. லூசியன் அதிலும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடத் தயாராயிருந்தான். முத்திரை வைக்க வேண்டிய நோட்டரி அம்மாள்தான் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

"இது சம்மதக் கடிதமா, நிலப் பத்திரமா? இதுக்கெல்லாம் நான் முத்திரை வைக்க மாட்டேன்."

"நாளைக்குக் காலையில கிளம்பறோம். திங்கட்கிழமை வேலையில சேரணும்."

"அப்ப பொண்ணோட அப்பாவையே கூடக் கூட்டிட்டுப் போங்க. ஆளே பக்கத்துல நின்னா கடிதம் எதுக்கு?"

"அவ்வளவுதானே, நான் வரேன்" என்றான் லூசியன்.

மறுநாள் காலையில் வாடகை லாரிக்காரன் போன் பண்ணினான். வண்டியை எல்லை தாண்டி விடுவதில்லையாம், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதாம். ஹார்லன் அதைப் படிக்கவில்லை. நாலு பக்கம் எழுதவே நேரம் சரியாயிருந்தது.

"உருளைக்கிழங்கு ஏத்தற லாரி எங்கிட்ட சும்மாத்தான் நிக்குது" என்றான் லூசியன்.

ஆக, லூசியனின் லாரியில் குடித்தனம் ஏறியது. சாமான் பாதி லாரிக்குக்கூட வரவில்லை. பின்சீட்டில் டெஸ்ஸா பூனையோடு உட்கார்ந்தாள். முன்னால் நீளமாக ஒரே சீட்டு. டெனீஸ் நடுவில் ஏறப் போனாள்.

"நீ ஜன்னல் பக்கம் உட்காரு" என்று ஹார்லன் நடுவில் புகுந்துகொண்டான். கியர் கம்பு அவன் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நின்றது.

"வலிக்குதா?" என்று ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் கேட்டான் லூசியன்.

"இல்ல" என்றான் ஹார்லன் ஒவ்வொரு முறையும்.

லூசியன் ஏதோ சொன்னான். டெனீஸ் சிரித்தாள். ஹார்லன் பல்லைக் கடித்துக்கொண்டான். சிரிக்கட்டும், எல்லைக்கு இன்னும் ரெண்டு மைல்தான். அப்புறம் சாமானை இறக்கிப் போட்டதும் போய்ச் சேரடா என்று அனுப்பிவிடலாம். பிறகு இவன் ஓர் அந்நியநாட்டான். நினைக்க நினைக்க மனசு குளிர்ந்தது. லூசியன்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

சாவடியில் பெண் அதிகாரி ஒருத்தி கையை நீட்டினாள். நாலு பாஸ்போர்ட்டையும் லூசியனே அடுக்கிக் கொடுத்தான். எல்லாமே கருநீலம். ஹார்லன் சாமான் பட்டியலையும் வேலைக் கடிதத்தையும் எட்டி நீட்டினான்.

"உட்கார ஒரு நாற்காலிகூட இல்லாமலா குடி வரீங்க?"

"அங்க போய் வாங்கிக்குவோம்."

அவள் வேலைக் கடிதத்தைப் படித்தாள், டெஸ்ஸாவைப் பார்த்தாள், லூசியனைப் பார்த்தாள்.

"பொண்ணோட அப்பா நீங்களா?"

"நான்தாங்க" என்றான் லூசியன்.

அவன் மேற்கொண்டு வாயைத் திறக்குமுன் ஹார்லன் முந்திக்கொண்டான். "இவர் தங்க வரலைங்க. சாமானை இறக்கிட்டு இன்னைக்கே திரும்பிடுவாரு. வேணும்னா அதையும் எழுதிக்கங்க. எத்தனை மணிக்குள்ள திரும்பணும்னு ஒரு கெடு போட்டுக் கொடுத்தாலும் நல்லது."

அதிகாரி லூசியனின் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு ஹார்லனைப் பார்த்துச் சொன்னாள்:

"இவருக்கு எதுக்கு சார் கெடு? ஃப்ரெடரிக்டன்லயே பொறந்தவரு, ஆயுசு பூரா இருக்கலாம். ரெண்டு வருஷத்துல திரும்பிப் போக வேண்டியவர் நீங்கதான்."