ஞாயிற்றை நம்பிய சம்பந்தம்

ஞாயிறு என்றால் சூரியன். ஞாயிறு என்றால் லீவு. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டால் என் கஷ்டம் தீரும் என்று 1987-இல் ஒருநாள் எனக்கு ஞானோதயம்.

என் பெயர் சம்பந்தம். அஸ்தினாபுரத்தில் ரேடியோ ரிப்பேர்க் கடை. சம்பந்தமில்லாத விஷயத்தில் தலையிடுவது உபதொழில். ஞாயிறுதோறும் மனைவி சாமுண்டீஸ்வரியை சைக்கிளில் வைத்து மாமியார் வீட்டுக்கு மிதிக்க வேண்டும். மாமியார் ஊர் கீழ்க்கட்டளை. பொருத்தமான பெயர்; கட்டளைக்குக் கீழ் நான். மத்தியானத் தூக்கம் என்ன நிறம் என்பதே மறந்துவிட்டது.

அப்போதுதான் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது.

"சாமுண்டி! ஆஸ்திரேலியாவுல வெயில்லயே ஓடுற காருங்களுக்குப் பந்தயமாம். மூவாயிரம் கிலோமீட்டர்! சுவிட்சர்லாந்துல ரெண்டு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிட்டாங்க."

"அவ்ளோ தூரம் எங்கங்க போறாங்க? மாமியார் வூட்டுக்கா?"

"பந்தயம்டீ! நானும் ஒரு வண்டி செய்யறேன். கீழ்க்கட்டளைக்கு நமக்குள்ள ரேஸ். நான் முந்திட்டா இனிமே ஞாயித்துக்கிழமை தூங்குவேன்."

"நான் முந்திட்டா?"

"ஆயுசுக்கும் மிதிக்கிறேன்."

"பஸ்ல வரலாமா?"

"மூச்! பெட்ரோல், டீசல், கரண்ட், பெடல் எதுவும் கூடாது. சூரிய சக்தி மட்டும்தான்."

"வேற ரூல் இல்லியே?"

"இல்ல."

சாமுண்டி சிரித்தாள். சூரிய சக்தியை எடை போட்ட நான் சாமுண்டி சக்தியை எடை போட மறந்தேன்.

ஏலத்தில் எடுத்த சோலார் தட்டுகளை சைக்கிளுக்கு மேலே பந்தல் மாதிரி கட்டினேன். பழைய மோட்டார் ஒன்றைப் பூட்டினேன். பெடல் இரண்டையும் கழற்றி வீசினேன். "இனி இதுங்களுக்கும் என் காலுக்கும் சம்பந்தமே இல்ல!"

மாசி மாத ஞாயிறு. சுள்ளென்று வெயில். தெருவே கைதட்ட நான் கிளம்பினேன். வண்டி ஓடியது! சத்தியமாக ஓடியது! எனக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. கீழ்க்கட்டளை ஏரி கண்ணில் பட்டபோது பகல் தூக்கத்துக்குத் தலையணைகூடத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

வந்தது ஒரு மேகம். ஒன்றே ஒன்று. நின்றது வண்டி.

பின்னால் மணிச் சத்தம். பக்கத்துத் தெரு ஜெயவேலுவின் மாட்டு வண்டி. வைக்கோல் மேல் வயர் கூடையோடு மகாராணியாக என் மனைவி.

"போங்கு! இது சோலாரா?"

"மாடு இன்னா துண்ணுது?"

"வைக்கோல்."

"வைக்கோல் இன்னாத்துல வெளைஞ்சிது?"

நான் மேகத்தை அண்ணாந்து பார்த்தேன். ஜெயவேலு மாட்டைத் தட்டிக்கொடுத்தான். "எங்குளுது நேத்தி வெயில்ல இன்னிக்கு ஓடுது மச்சான். வவுத்துக்குள்ளயே பேட்டரி கீது!"

வண்டி என்னைத் தாண்டிப் போனது. மேகம் விலகி நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஜெயித்தவளுக்கு ஆரத்தியே முடிந்திருந்தது.

மாமியார் இலை போட்டார். தோற்ற துக்கத்தில் ஒரு பிடி பிடித்தேன். சாமுண்டி மூன்றாவது தடவையும் சோறு வைத்தாள். எவ்வளவு பாசம் என்று உருகிப்போனேன்.

"போதும்டீ."

"நல்லா துண்ணுங்க. நெல்லும் வெயில்ல வெளைஞ்சதுதானே? சார்ஜ் ஏறட்டும்" என்றவள், வயர் கூடைக்குள் கை விட்டு, நான் கழற்றி வீசிய பெடல் இரண்டையும் எடுத்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.