ஏழு கட்டமும் பச்சை

அரசாங்கம் செல்போனுக்கு அனுப்பும் செய்தியை முதல் எழுத்திலிருந்து கடைசி முற்றுப்புள்ளி வரைக்கும் படித்த அதிகாரி காவிரி டெல்டா முழுக்க ஒருவர்தான் இருந்தார். அவர் ரத்து சார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஒருமுறை பேங்கில் அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது, பக்கத்தில் இருந்தவரிடம் "உங்களத்தான் கூப்புடுறாங்க, போங்க" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டினார் என்பார்கள். நான் நம்புகிறேன்.

மன்னார்குடிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஒரு ஊரில் அவரோடு வேலை பார்த்தேன். பழைய விதைநெல் கிடங்குக்கு வெள்ளையடித்து, ஏசி மாட்டி, சுவர் அகலத்துக்குத் திரை வைத்துக் கொடுத்திருந்தார்கள். திட்டத்தின் பெயர் 'ஒரே திரை'. ஏழு துறைகள் ஏழு திசையில் இழுக்காமல், கம்ப்யூட்டரில் ஒன்றுகூடி, தண்ணீரையும் மண்ணையும் பேரப்பிள்ளைகளுக்கும் மிச்சம் வைக்கிற மாதிரி வளர்ச்சி காண வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

துறைகளின் பெயரைச் சொன்னால் வம்பு வரும். தண்ணீர்க்காரர், பயிர்க்காரர், கரண்டுக்காரர், மீன்காரர், மரக்காரர், ரோட்டுக்காரர், நிலக்காரர் என்று வைத்துக்கொள்வோம். தினமும் ஒவ்வொருவரும் தங்கள் கட்டத்தில் விவசாயிகளுக்கான அறிவிப்பை டைப் செய்வார்கள். செய்ததும் அந்தக் கட்டம் பச்சையாகும். செய்தி தானாக ஊர் முழுக்கப் பறக்கும். காலையில் திரையைப் போடுவது தற்காலிகப் பணியாளரான என் வேலை. அது எரிகிறதா என்று பார்ப்பது ரத்து சாரின் வேலை. இப்படியே இரண்டு பேரும் சௌக்கியமாக இருந்திருக்கலாம். மனுஷன் திரையில் இருந்ததைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

படித்த முதல் நாளே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஒரே விவசாயிக்கு, ஒரே காலையில், நான்கு கட்டளைகள் போயிருந்தன. தண்ணீரைச் சேமிக்க வயலைக் காயவிடச் சொன்னார் பயிர்க்காரர். இன்றைக்கே தண்ணீரைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் தண்ணீர்க்காரர். பண்ணைக்குட்டையை நிரப்பி மீன்குஞ்சு விடச் சொன்னார் மீன்காரர். பம்புசெட்டுக்கு இன்று மின்சாரம் கிடையாது என்றார் கரண்டுக்காரர்.

"ஏம்மா, இத அப்படியே செய்யணும்னா அந்தாளு என்னம்மா பண்ணுவான்?"

"யாரு சார் இதெல்லாம் படிக்கப் போறாங்க?"

"அப்ப எதுக்கும்மா அனுப்புறோம்?"

திரையின் மூலையில் அவசரச் செய்திக்கு என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. வெள்ளம், புயல் வந்தால் பயன்படுத்த வேண்டியது. அதில் "முன்னர் வந்த செய்தி ரத்து" என்று அடித்து அனுப்பினார். அன்றிலிருந்து அது அவருக்கு நித்திய பூஜை ஆகிவிட்டது. காலையில் ஒன்று, காபிக்குப் பிறகு ஒன்று, மதியம் இரண்டு.

இதன் பலன் எங்கெங்கோ போனது. ஒரு பெரியவர் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். "எம் பேத்திக்கு வெள்ளிக்கிழம கல்யாணம். ரத்துன்னு வந்திருக்கு. மாப்ள வீட்டுக்காரங்க சர்க்கார் மூலமாவா சொல்லி அனுப்புவாங்க?" ரத்து சார் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மாப்பிள்ளை வீட்டுக்கே போன் போட்டுப் பேசவைத்தார். கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு வாங்கிக்கொண்டு போய் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டும் வந்தார்.

துறைகளுக்கு அவர் போன் செய்வதைக் கேட்பதற்கே நான் சீக்கிரம் ஆபீஸ் போவேன்.

"சார், நீங்க தண்ணி வுடுறேங்கறீங்க. பயிர்க்காரர் காயப்போடுங்கறார்."

"என் கட்டம் பச்சையா இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்பறம் என்ன சார் ஒங்களுக்குப் பிரச்சினை?"

மாதா மாதம் மேலதிகாரி வீடியோவில் வந்து ஆய்வு நடத்துவார். ஏழு துறைகளும் ஏழு சன்னல்களில் தெரியும். "எல்லாம் பச்சையா?" "பச்சை சார்." ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒருமுறை ரத்து சார் நடுவில் எழுந்தார். "தனித்தனியா பாத்தா பச்சைதான் சார். சேத்துப் பாத்தா சிவப்பு." மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சிவப்புன்னு ஒரு கலர் நம்ம சிஸ்டத்துல கிடையாதே?" அவர் சொன்னது உண்மை. சிவப்பை அந்தத் திரையில் வைக்கவே இல்லை. வைத்தால் மாவட்டத்துக்கு மதிப்பெண் குறையுமாம்.

இது வரைக்கும் சிரிப்பு. இனிமேல் லூர்துமேரி.

லூர்துமேரியின் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்குக் கதிர் அறுத்தவர். லூர்துமேரி தையல் மெஷினை மிதித்தே சம்பாதித்து, கடைமடையில் ஐந்து மா, அதாவது ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே, நிலம் சொந்தமாக வாங்கியிருந்தார். கடைமடை என்றால் வாய்க்காலின் கடைசி வீடு. எல்லாருக்கும் போக மிச்சம்தான் அங்கே வரும். போர் போட்டால் கடல் பக்கம், உப்புத் தண்ணீர். அதனால் வாய்க்கால் வந்தால் சோறு, வராவிட்டால் இல்லை. எட்டாவது வரை படித்தவர். அரசாங்கம் தன் பெயருக்குச் செய்தி அனுப்புகிறது என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. வருகிற ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிப் படித்து, சொன்னதை அப்படியே செய்வார்.

பொங்கல் முடிந்த வாரம். மழை விட்டுவிட்டது, அணையை மூடப்போகிறார்கள், தண்ணீர் முறைவைத்து வருகிறது. கடைமடையில் எல்லாமே தாமதம் என்பதால் லூர்துமேரியின் சம்பா அப்போதுதான் தொண்டைக்கதிரில் நின்றது. இன்னும் சில நாளில் கதிர் வெளியே தலைகாட்டும். வயல் காயவே கூடாத நேரம் அது. அன்று காலை பயிர்க்காரரின் செய்தி எல்லாருக்கும் போனது: மடையை அடைத்து வயலைக் காயவிடவும். ரத்து சார் படித்துப் பதறினார். "கடைமடையில பயிர் தொண்டையில நிக்கிதேம்மா!" உடனே வழக்கம்போல 'முன்னர் வந்த செய்தி ரத்து' என்று அடித்தார்.

நெட் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த இடைவெளியில் தண்ணீர்க்காரர் தன் செய்தியை அனுப்பினார்: இன்று உங்கள் முறை, மடையைத் திறந்து வைக்கவும், அடுத்த முறை பத்து நாள் கழித்து. அதற்குப் பிறகுதான் எங்கள் ரத்து போய்ச் சேர்ந்தது.

லூர்துமேரி முதல் செய்திக்கு மடையை அடைத்தார். இரண்டாவதற்குத் திறந்தார். மூன்றாவதற்கு மறுபடியும் அடைத்தார். அன்று பகல் முழுக்கத் தண்ணீர் அவர் வயலை ஒட்டியே ஓடி, வடிகாலில் விழுந்து, கடலுக்குப் போனது. பக்கத்து வயல்காரர்கள் எவரும் செய்தி படிக்கிற வழக்கம் இல்லாதவர்கள். அவர்கள் வயலெல்லாம் நிறைந்தது.

மறுநாள் காலை லூர்துமேரி ஆபீஸுக்கு வந்தார்.

"சார், தண்ணி ரத்துன்னு போட்டீங்க. ஆனா வாய்க்கால்ல தண்ணி போச்சே. முறையில்லாத தண்ணி போலன்னு நான் தொடல."

ரத்து சார் முகம் செத்துப்போனது. அன்று வரை அவர் தலைகுனிந்து நான் பார்த்ததில்லை. "அம்மா, ரத்து பண்ணது நான்தான். தப்பு என்னோடது" என்றார்.

"பரவால்ல சார். இன்னொரு மெசேஜ் போடுங்க, தண்ணி வரட்டும்."

அந்த நம்பிக்கைதான் அவரைக் கொன்றது.

நேராக மொபெட்டை எடுத்துக்கொண்டு மதகுக்குப் போனார். மதகுக்காரர் நல்ல மனுஷன். "தொறக்க ரெண்டு நிமிஷம் போதும் சார். ஆனா மதகு எத்தன இஞ்ச் தொறந்திருக்குன்னு இப்ப மேலிடத்துக்குப் போன்லயே தெரியுது. தெரையில ஆர்டர் வராம தொட்டேன்னா என் வேல போயிடும்." திரையில் ஆர்டர் வர வேண்டுமென்றால் சிறப்புக் கோரிக்கை போட வேண்டும். அதற்கு ஏழு துறைகளும் ஒப்புதல் பொத்தானை அமுக்க வேண்டும். ஒருங்கிணைப்பு என்றால் அதுதானே.

போட்டார். ஒவ்வொரு ஆபீஸாகப் போய் நின்றார். மூட்டுவலிக்காரர், மாடிப்படிகளைப் பிடித்துப் பிடித்து ஏறினார். தண்ணீர்க்காரர் முதல் நாள் அமுக்கினார். ரோட்டுக்காரர், "வயலுக்குத் தண்ணி வுடுறதுக்கு நான் எதுக்கு சார்?" என்று அரை நாள் யோசித்து அமுக்கினார். மரக்காரர் பயிற்சிக்குப் போயிருந்தார், வந்து அமுக்கினார். ஆறு நாளில் ஆறு பச்சை. ஏழாவதான மீன்காரர் அமுக்கவில்லை. காரணம், மீன்காரரே இல்லை. பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்தப் பதவி காலியாகியிருந்தது.

"ஆள் இல்லன்னா அந்த ஒப்புதல் வேணாம்னு வைக்கலாமே?" என்று தலைமை இடத்துக்குப் போன் போட்டுக் கேட்டார்.

"அதுக்கு ஏழு துறையும் ஒப்புதல் குடுக்கணும் சார்."

மீன்காரர் ஆபீஸ் உதவியாளர் ஒரு வழி சொன்னார். பழைய மீன்காரர் மாறுதலாகி நாகூரில் இருக்கிறார். பாஸ்வேர்டு அவரிடம்தான். ஓடிபியும் அவர் போனுக்குத்தான் வரும். ரத்து சார் பஸ் மாறி பஸ் மாறி நாகூருக்குப் போனார். அவரோ சட்டம் பேசினார்: "நான் இப்ப அந்தப் போஸ்ட்ல இல்லயே. அமுக்கினா தப்பாயிடுமே." ரத்து சார் ஒரு வெள்ளைத்தாளில் எல்லாப் பொறுப்பும் தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் வரை அவர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் அந்த வீட்டு அம்மா, "பாவம், அமுக்கித் தொலைங்க" என்று சத்தம் போட்ட பிறகுதான் விரல் இறங்கியது.

ஏழு கட்டமும் பச்சை. 'ஒரே திரை' வரலாற்றில் ஒரு விஷயத்துக்காக ஏழு துறைகளும் ஒன்றாகச் சேர்ந்தது அன்று ஒருநாள்தான். மதகைத் திறந்தார்கள். தண்ணீர் தலைமடையிலிருந்து கடைமடைக்கு வந்துசேர இரண்டு நாள் ஆகும். பத்தாம் நாள் வந்து சேர்ந்தது. பத்தாம் நாள் வழக்கமான முறையும் இருந்தது. சிறப்பு அனுமதியில் வந்த தண்ணீரும் சாதாரணமாக வரவேண்டிய தண்ணீரும் ஒரே வாய்க்காலில் ஒன்றாக வந்தன.

சாரோடு நானும் வயலுக்குப் போயிருந்தேன். வெடித்த மண்ணில் தண்ணீர் குடுகுடுவென்று இறங்கியது. லூர்துமேரி ஒரு கதிரை உருவிக் கையில் கசக்கி ஊதினார். எல்லாம் பறந்தது. உள்ளே அரிசி இல்லை, வெறும் உமி. "சாவியாப் போச்சு சார்" என்றார். அழவில்லை. நான்தான் அழுதேன். ரத்து சார் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பயிரை மாட்டுக்கு அறுத்துப்போட்டுவிட்டார்கள்.

அடுத்த வாரம் லூர்துமேரிக்குத் திரையிலிருந்து ஒரு செய்தி வந்தது. உங்கள் கோரிக்கை வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது, எங்கள் சேவைக்கு நட்சத்திரம் அளிக்கவும். அவர் ஆபீஸுக்கு வந்து கேட்டார்: "எத்தன போடணும் சார்?"

"ஒண்ணுகூடப் போடாதீங்கம்மா."

"போடாட்டி ஒங்களுக்குத்தானே கெட்ட பேரு? எனக்காகப் பஸ் ஏறி நாகூர் வரைக்கும் போனீங்களே." ஐந்தையும் அமுக்கிவிட்டுப் போனார். அடுத்த சம்பாவுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அந்த மாத ஆய்வில் எங்களுக்குப் பாராட்டு. ஏழு துறை ஒப்புதல், ஐந்து நட்சத்திரம், ஒருங்கிணைப்புக்கு முன்மாதிரி என்றார் மேலதிகாரி. "நீங்க ரெண்டு வார்த்த பேசுங்க" என்று ரத்து சாரைக் கூப்பிட்டார். சார் எழுந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். பாராட்டுக்கு நன்றி சொல்லும் தாள் இல்லை அது என்று எனக்குத் தெரியும். முந்தைய நாள் முழுக்க உட்கார்ந்து எழுதியிருந்தார்.

அவர் வாயைத் திறக்கும்போதே, கேமராவுக்கு வெளியே நின்ற எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு என்னைப் பார்த்துக் கையால் வாயைப் பொத்திக் காட்டினார். என்னை நிரந்தரம் ஆக்குவதற்கான கோப்பு அவர் மேசையில் இருந்தது. நான் மைக்கை அணைத்தேன்.

அது அவருக்குத் தெரியாது. எந்தச் செய்திக்கு எந்தச் செய்தி குறுக்கே வந்தது, மடை எத்தனை தடவை திறந்து மூடப்பட்டது, தன் தப்பு எது, திரையின் தப்பு எது, லூர்துமேரிக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி விடாமல் வாசித்தார். திரையில் இருந்த முகங்களெல்லாம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தன. முடித்ததும் மேலதிகாரி சிரித்துக் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள்.

சார் உட்கார்ந்தார். கண் நிறைந்திருந்தது.

"எவ்வளவு பொறுமையாக் கேட்டாங்க பாத்தியாம்மா? ஒருத்தர்கூடக் குறுக்க பேசல."

"ஆமா சார்" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறும் வரைக்கும் லூர்துமேரிக்கு ஏதாவது வரும் வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். தாமதமாகிறது என்றுதான் நினைத்தார். போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். மைக்கை அணைத்த உண்மையை அவரிடம் சொல்லியிருந்தால், மறுநாளே அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அந்த மூட்டுவலியோடு ஏழு ஆபீஸ் மாடிகளையும் ஏறி இறங்கியிருப்பார். எனக்கு மனசு வரவில்லை.