என் ரத்தத்துக்கு நானே போட்ட தரம்

தன்னைப் பற்றித் தானே பெருமையாகப் பேசக் கூடாது என்பார்கள். எனக்காகப் பேச விருதுநகர் பஜாரில் வேறு யாரும் முன்வராததால் நானே சொல்லிவிடுகிறேன்: எண்ணெயைக் கண்ணால் பார்த்தே தரம் சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. படிப்பு ஐந்தாம் வகுப்பு. (அதையும் வாத்தியார் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டார்.) எண்ணெய் டின் சுமந்து, எண்ணெய் விற்று, சொந்தமாகச் செக்கு போட்டு, என் படம் போட்ட காலண்டரை ஊருக்கெல்லாம் கொடுக்கும் அளவுக்கு வந்தவன். அந்தக் கண்தான் ஒருநாள் என் மானத்தை வாங்கியது.

எனக்கு அறுபத்தெட்டு வயது நடந்துகொண்டிருந்தது. வயிறு வாசலுக்கு வந்து வெகுநேரம் கழித்துத்தான் நான் வருகிறேன் என்று என் மனைவி ராஜாத்தி தினமும் சொல்லி, ரத்தம் பார்க்கச் சொன்னாள். நான் மசியவில்லை. பிறகு ஒரு யோசனை உதித்தது. அந்த வருடக் காலண்டரில், என் படத்துக்குக் கீழே, “வயது 68. தினமும் குடிப்பது எங்கள் நல்லெண்ணெய். ரத்தத்தில் கொழுப்பு:” என்று போட்டு, ஒரு கட்டம் கட்டி, அதற்குள் நம்பரை அச்சடித்துவிட்டால்? இதைவிடப் பெரிய விளம்பரம் உண்டா?

சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் தங்கராசுவுக்குச் சிரிப்பு வந்தது. ரிசல்ட் வந்த பிறகு அடிக்கலாமே என்றான். சீசன் நெருக்கடியில் மிஷின் கிடைக்காது, கலர் வேலையை முடித்து வை, நம்பரைக் கடைசியில் ஏற்றிக்கொள்வோம் என்றேன். அவனும் அடித்துவிட்டான். ஐயாயிரம் காலண்டர். கட்டம் மட்டும் காலி. கடையின் மானமே அந்தக் காலிக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது.

வியாபாரிகள் மண்டபத்தில் ரத்தப் பரிசோதனை முகாம் நடந்தது. முதல் நாள் இரவு எட்டு மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது என்றார்கள். எட்டு மணிக்குள் எண்ணெய் பரோட்டா நான்கை முடித்துக்கொண்டேன். காலையில் இட்லியைத் திரும்பியும் பார்க்கவில்லை. காபியும் இல்லை. வழக்கமாக வெறும் வயிற்றில் குடிக்கும் ஒரு சின்ன டம்ளர் நல்லெண்ணெய் மட்டும்தான். (எண்ணெயை நான் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது மருந்து.) அன்று முக்கியமான நாள் என்பதால் இரண்டு டம்ளர்.

ரத்தம் கொடுத்துவிட்டு, பதினேழாம் நம்பர் டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இருந்த வியாபாரிகளுக்கெல்லாம் ஆரோக்கியம் பற்றி வகுப்பெடுத்தேன். நம்பரைக் கையோடு வாங்கிப்போகத் தங்கராசுவும், துணைக்கு ராஜாத்தியும் வந்திருந்தார்கள். லேப் வேலை பார்த்த காரியாபட்டிப் பெண் சுற்றும் மிஷினிலிருந்து ரத்தக் குழாய்களை எடுத்து அடுக்கினாள். அடியில் சிவப்பு தங்கி, மேலே இளமஞ்சளாகத் தெளிந்திருந்தது. நன்றாகத் தெளிந்த கடலை எண்ணெய் தோற்றுப்போகும். ஒரு குழாயை மட்டும் தனியே எடுத்து முகத்தைச் சுளித்தாள்.

ஒருவர் தரம் தெரியாமல் திணறுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எழுந்து போய்க் குழாயை வாங்கினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். சாய்த்தேன். மேல்பாதி அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெள்ளையாக நின்றது.

“இது வனஸ்பதி கலந்த சரக்கும்மா,” என்றேன், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. “ஏலே தங்கராசு, நல்லா பாத்துக்கோ. நம்ம எண்ணெய் குடிக்காதவன் ரத்தம் இப்படித்தான் இருக்கும். எந்தப் பாவியோ, ரொம்ப நாள் தாங்க மாட்டான்.”

அந்தப் பெண் குழாயில் ஒட்டிய நம்பரைப் பார்த்தாள். என் சட்டைப்பையைப் பார்த்தாள். தங்கராசு மெல்ல என் டோக்கனை உருவினான். பிழை பார்த்தே பழகியவன், இரண்டு தடவை வாசித்தான்.

“அந்தப் பாவி நீங்கதான் அண்ணாச்சி.”

மண்டபம் சிரித்து முடிக்க வெகுநேரமாயிற்று. டாக்டரம்மா வந்து காலையில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றேன். சத்தியமாக அது உண்மை.

பின்னாலிருந்து ராஜாத்தி, “தண்ணிதான் குடிக்கலை டாக்டர். ரெண்டு டம்ளர் எண்ணெய் குடிச்சாக,” என்றாள்.

மறுவாரம் எண்ணெயும் இல்லாமல் ஒழுங்காகப் பட்டினி கிடந்து மறுபடி கொடுத்தேன். கலங்கல் குறைந்திருந்ததே தவிரப் போகவில்லை. கொழுப்பு ஏறியிருந்தது, சர்க்கரையும் வாசற்படியில் நின்றது. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். வாயில் போடும் எண்ணெயால் மட்டும் கொழுப்பு ஏறுவதில்லையாம். நாளுக்கு ஆறு சர்க்கரை டீ, மைதா, சேவு என்று தேவைக்கு மேல் போவதையெல்லாம் ஈரல் கொழுப்பாக ஆட்டிவிடுமாம். அது வயிற்றிலும் ஈரலிலும் தேங்கினால் இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காதாம். அப்புறம் சர்க்கரை, மாரடைப்பு என்று வரிசையாம். ஆக, எனக்குள்ளேயே ஒரு செக்கு ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல்.

“அப்ப எண்ணெய் மேல தப்பில்லைங்கிறீக?” என்று கேட்டேன். எனக்கு அந்த ஒன்று தெரிந்தால் போதும்.

“அளவா இருந்தா இல்லைங்க ஐயா. டம்ளர்ல இருந்தா உண்டு,” என்றார்.

அந்த நம்பரை அச்சில் ஏற்ற முடியுமா? ஐயாயிரம் காலண்டரும் காலிக் கட்டத்தோடுதான் போயின. ஊரில் அந்தக் கட்டத்தில் பால் கணக்கு எழுதினார்கள், சிலிண்டர் வந்த தேதி எழுதினார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அது எதற்கென்று கட்டப்பட்டதோ அதற்கே பயன்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ராஜாத்தி என் நம்பரைப் பென்சிலால் எழுதினாள். (இறங்குகிறது. இதிலும் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.) வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் என் முகத்தைப் பார்த்து நலம் விசாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். நேரே போய்க் கட்டத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் உட்காருகிறார்கள்.

அடுத்த வருடக் காலண்டருக்குப் படத்தை மாற்றலாமா என்று தங்கராசு போனில் கேட்டபோது, ராஜாத்தி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

“படத்தை எடுத்தாலும் எடுங்க தம்பி. கட்டத்தைக் கொஞ்சம் பெருசாப் போடுங்க.”