சிநேகாவின் எடையும் நான் போட்ட கொசுறும்

அன்புத் தங்கை ஜெசிந்தாவுக்கு அண்ணன் ஜான்சன் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நான், உன் அண்ணி ஜாக்குலின், உன் மகள் சிநேகா எல்லோரும் நலம். குவைத்தில் நீயும் மாப்பிள்ளை சாமும் நலமாக இருக்க வேண்டுகிறோம். நலம் என்று எழுதுவது முறை, அதனால் எழுதிவிட்டேன். மேற்கொண்டு உட்கார்ந்து படி.

வாரம் மூன்று தடவை போனில் முகம் பார்த்துப் பேசுகிறவன் கடிதம் எதற்கு எழுதுகிறான் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததுமே, "பாப்பா இப்ப எத்தினி கிலோண்ணா?" என்கிறாய், நான் ஒரு கணக்குச் சொல்கிறேன், நீ சிரிக்கிறாய், அதற்கு மேல் எனக்குப் பேச்சு வருவதில்லை. அடுத்த தெரு ரெஜினா அக்கா வெள்ளிக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறாள். அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பயப்பட ஒன்றுமில்லை, நீ வர வேண்டாம்.

நம் ஊர் சமுதாயக் கூடத்துக்கு மாதம் இரண்டு புதன்கிழமை குழந்தை டாக்டரம்மா வருகிறார் என்று சொன்னேனே. முன்பெல்லாம் பிள்ளைக்கு மூச்சு இழுத்தால் இரண்டு பஸ் மாறி செங்கல்பட்டுக்கு ஓடியவர்கள்தானே நாம், அதனால் ஊரே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. ஆனால் நர்ஸ் விஜயகுமாரி சிஸ்டரைக் கண்டால் பிள்ளைகளுக்கு ஆகாது. கொக்கித் தராசில் துணி கட்டி அதில் பிள்ளையை உட்காரவைத்தால் அது கத்தி உதைக்கும், முள் நிற்காமல் ஆடும், சிஸ்டருக்கு வியர்க்கும். பதினைந்து வருஷமாகக் கோவளத்து மீனை வண்டியில் கட்டிக்கொண்டுபோய் ஊர் ஊராக நிறுத்துக் கொடுக்கிறவன் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பேனா? "நவுருங்க சிஸ்டர், உயிர் நண்டையே நிறுத்தவன் நானு" என்று தராசைக் கையில் வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து நான் கூவுவேன், சிஸ்டர் அட்டையில் எழுதுவார்.

என் கைப்பழக்கம் உனக்குத் தெரியும். அரைக் கிலோ கேட்டால் முள் அரையைத் தாண்டி நின்றால்தான் எனக்கு மனசு ஆறும். கொசுறு போடாத மீன்காரனிடம் மறுநாள் யார் வருவார்கள்? தாய்மார்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஏழரை என்று எப்படிச் சொல்வது? "எட்டு!" என்று கூவினேன். அவர்கள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து அடுத்த பிள்ளைக்கும் கூவினேன். ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை ஜெசி, யாருக்கும் குறைத்து நிறுத்தவன் இல்லை என்ற திமிர்தான். ஆராயி மகனுக்கு மட்டும் முக்கால் கிலோ சேர்த்தே போட்டேன், அவள் பழைய வாடிக்கை.

போன மாதம் மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். எடை குறைந்த பிள்ளையே இல்லாத ஊர் என்று பாராட்டி, உதவிக்கு நின்ற எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ அனுப்பினேன், நீயும் மூன்று இதயம் போட்டாய். அதே மைக்கில் அடுத்து என்ன சொன்னார்கள் தெரியுமா? பிள்ளைகள் இவ்வளவு நன்றாக இருக்கும் ஊருக்கு டாக்டர் எதற்கு, கிளினிக் வேறு ஊருக்குப் போகும், பதினோரு பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த சத்துமாவும் நிற்கும் என்றார்கள். நானும் பொன்னாடையோடு கை தட்டினேன். விஷயம் புரிவதற்குள் பாதி தட்டியாகிவிட்டது.

அப்போது சிநேகா என் இடுப்பில் இருந்தாள். டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துப் பார்த்தார், பையிலிருந்து பச்சை, மஞ்சள், சிவப்பு போட்ட அளவு நாடாவை எடுத்துப் புஜத்தில் சுற்றினார். மஞ்சளில் நின்றால் பிள்ளைக்குச் சத்து போதவில்லை என்று அர்த்தமாம். "அட்டையில பச்சை, கையில மஞ்சளா?" என்று கேட்டுவிட்டு, சீல் உடைக்காத இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கொக்கியில் மாட்டி, "ஜான்சன், இது எவ்வளவு?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "ரெண்டே கால்!" என்று கூவினேன். "ஐயையோ மேடம், தண்ணிக்கே கொசுறு போடறாரு!" என்று விஜயகுமாரி சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எல்லாப் பிள்ளைகளையும் திரும்பவும் நிறுத்தார்கள். ஆராயி வந்து, "எம்புள்ள பத்து கிலோன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறேன், இன்னாய்யா இது?" என்று என் சட்டையைப் பிடித்தாள். அது பரவாயில்லை. சிநேகா எட்டு கிலோ இருநூறு. அட்டையில் நான் கூவியது எட்டே முக்கால், அதற்கு மேலும் கொசுறு போட்டுப் போனில் உனக்குச் சொன்னது ஒன்பதரை. நீ விட்டுப்போன அன்று எட்டு. ஆறு மாதத்தில் என் வீட்டில் உன் பிள்ளை ஏறியது இருநூறு கிராம். எனக்கு வெட்கமாக இருந்தது ஜெசி, அழுகையும் வந்தது, பொன்னாடையில்தான் துடைத்தேன்.

ரத்தம் கம்மியாம், வயிற்றில் பூச்சியாம். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். டீயும் பிஸ்கட்டும் என்றாள் ஜாக்குலின். மீன்? "சின்ன புள்ளைக்கி மீன் குட்தா மாந்தம் வராதா மேடம்?" என்று அவளே திருப்பிக் கேட்டாள். டாக்டரம்மா வெளியே நின்ற என் மீன் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மருந்துச் சீட்டை எழுதினார். இப்போதெல்லாம் வண்டியில் எடுக்கிற முதல் மீன் சிநேகாவுக்குத்தான். முள் எடுத்து, சோற்றில் பிசைந்து ஊட்டுகிறேன். முட்டை, டானிக், சத்துமாவு எல்லாம் நடக்கிறது. கிளினிக்கும் போகவில்லை, புது எடையைப் பார்த்ததும் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதமும் ஏறாவிட்டால் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்க்க வேண்டுமாம். அதற்கும் நான் இருக்கிறேன், நீ வர வேண்டாம்.

இனி நான் தராசைத் தொடுவதில்லை. பிள்ளைகள் அழாமல் இருக்க எதிரில் நின்று கோணல் முகம் காட்டுவதோடு சரி. முகத்தை நேராக வைத்திருந்தாலும் சிரிக்கிறார்கள் என்கிறார் சிஸ்டர்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், எடையைப் பக்குவமாகச் சொல். நீ வேலை பார்க்கிற வீட்டுக்காரர்களிடம் மனஸ்தாபம் செய்துகொண்டு வர வேண்டாம். மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னிடமே பொய் எடை சொன்ன அண்ணன்,
ஜான்சன்

பின்குறிப்பு: ரெஜினா அக்கா கவரைப் பிரித்துப் படித்துவிட்டாள். ஏர்போர்ட்டில் உள்ளே என்ன என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டுமாம். படித்து முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "இன்னாடா, மூணு எடத்துல வர வேணாம்னு எழுதிகினு கீற? இத்த படிச்சா அவ அன்னிக்கே பிளேன் ஏறிடுவாடா" என்றாள். அவள் சொன்னபோதுதான், நான் எதற்காக இதை எழுதினேன் என்று எனக்கே தெரிந்தது. லீவு கேள், ஜெசி.