சலாம் சொல்லியே சாய்ந்த பொழுது

கோகந்து நகரத்து உலர்பழ உலகத்தை ஒற்றைத் தூணாய்த் தாங்கி நிற்கும் எர்காஷ் மாமா, தாஷ்கண்டில் இன்ஜினியர் பட்டம் வாங்கி மாமனுக்கே புத்தி சொல்லத் துணிந்த அக்கா மகள் ஹிலோலாவுக்கு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் என் கழுதையும் நலம். மூவருக்குமே உன்மேல் கோபம்.

உன் கடிதம் கண்டேன். ஆப்ரிகாட்டைத் தரம் பிரிக்கும் மெஷின் வாங்கி, ஆட்களுக்கும் நல்ல கூலி கொடுத்தால் நீ வந்து என் பழக் கொட்டகையை நடத்துவாயாம். இல்லாவிட்டால் கொரியாவுக்குப் போய்விடுவாயாம். போ தாயே, தாராளமாகப் போ! விடியற்காலையில் கூலிச் சந்தையில் நின்று ஒருமுறை இருமினால் சமர்கந்து வரைக்கும் ஆள் வரிசை கட்டும் ஊரில் மெஷின் எதற்கு?

இதை உனக்கு நிரூபித்துக் காட்டவே, வியாழக்கிழமை அல்மாட்டி லாரி வருவதற்குள் பழம் முழுவதையும் பெட்டியில் அடைக்க வேண்டும், தவறினால் வியாபாரி அடுத்த தெரு தோஷ்மத்திடம் ஓடிவிடுவான் என்று ஒரு படையையே அள்ளி வந்தேன். வந்தவன் வேலையில் உட்காருவானா? நெஞ்சில் கை வைத்து, இருக்கிற ஒவ்வொருவனிடமும் போய், "ஒடம்பு நல்லாருக்கா, வீட்ல நல்லாருக்காங்களா, அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையா, மாடு கன்னு போட்டுச்சா" என்று கேட்டு, அவனும் அதையே திருப்பிக் கேட்டு, சுற்று முடிவதற்குள் அடுத்தவன் வந்துவிடுவான். மறுபடி முதலிலிருந்து மாடு, முழங்கால். பிறகு தேநீர். அப்புறம் பெரியவர் கையேந்தி துஆ ஓத வேண்டும். எவர் பெரியவர் என்பதில் இருவருக்குத் தகராறு. அதற்குள் மதியச் சாப்பாட்டுப் பலாவ் சோறு வெந்துவிடும். "வேலை நகரலயே மமதலி" என்று என் மேஸ்திரியைக் கேட்டால், "ஆள் பத்தல மொதலாளி" என்கிறான். "எடுடா இன்னும்!" என்றேன். கடைசியில் கொட்டகைக்குள் மனிதர்களுக்கே இடம் போதாமல் பழத்தை வெளியே கொட்டினோம். அன்று முழுநாளும் மூச்சுவிடாமல் உழைத்தவை குருவிகள் மட்டும்தான்.

லாரி வந்தது. டிரைவர் இறங்கினான். அத்தனை பேரும் அவனுக்கும் சலாம் சொல்லி முடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. "ஐயா, நான் பெட்டி ஏத்த வந்தேன், கை குலுக்க வரல" என்று வீங்கிய கையோடு காலி லாரியில் போனான். உன் அம்மா வந்து பார்த்து, "தம்பி, இது கொட்டகையா, கல்யாண வீடா?" என்றாள்.

நான் மமதலியைப் பிடித்து உலுக்கினேன். அவன் சிரித்துக்கொண்டே, "மொதலாளி, நீங்க குடுக்குற கூலிக்கு சலாம் மட்டும்தான் வரும். வேலையும் வேணும்னா தனியாப் பேசணும்" என்றான். என்ன திமிர் பார்!

ஆகவே, மெஷினும் வேண்டாம், நீயும் வர வேண்டாம். கொரியாவில் குளிர் அதிகமாம், கம்பளிக் காலுறை மறக்காதே. நீ நூறாண்டு வாழவும், மாமனை எதிர்த்துப் பேசும் நாக்கு மட்டும் சற்றே சுருங்கவும் பிரார்த்திக்கும்,

எர்காஷ் மாமா

பின்குறிப்பு: மேலே உள்ளதை உன் அம்மா பக்கத்தில் இல்லாதபோது எழுதினேன், இப்போது பக்கத்திலேயே நிற்கிறாள். அவள் போனில் போட்ட சத்தத்தில் அல்மாட்டி வியாபாரி இன்னொரு வாரம் கொடுத்துவிட்டான். கூலியை இரட்டிப்பாக்கிவிட்டேன். மறுநாள் காலை மமதலி எல்லோருக்கும் சேர்த்து ஒரே தலையாட்டல் ஆட்டிவிட்டு வேலையில் உட்கார்ந்தான். அல்லா சாட்சி, மாட்டைப் பற்றி ஒருவனும் கேட்கவில்லை! மெஷினும் வந்து இறங்கிவிட்டது. அதைக் கேள்விப்பட்டு தோஷ்மத் தன் பழத்தையும் பிரித்துத் தரச் சொல்கிறான், ஆகவே மெஷின் வந்தும் எவனையும் வேலையை விட்டு அனுப்ப வேண்டியதில்லை. ஒரே ஒரு குறை. எல்லோரும் மெஷினுக்கும் சலாம் சொல்லிப் பார்த்தோம். பதிலே பேசாமல் உம்மென்று நிற்கிறது. கொரியா கிடக்கட்டும், நீ வந்து அதன் வாயைத் திற.