சுத்தமான ரத்தம்

அகிலாண்டத்தின் ரத்தத்திலும் அபின் தெரிந்தது.

தஞ்சாவூர்ப் பக்கத்துத் தடயவியல் ஆய்வகம் ஒன்றில் அவள் வேலை. வழக்கு ரத்தத்தைச் சோதிக்கும்போது, மெஷின் சரியா என்று பார்க்க ஊழியர் ஒருவரின் ரத்தத்தை ஓட்டுவது அங்கே வழக்கம். அன்று அவள் முறை.

வழக்கு குடவாசல் பக்கத்தது. பண்ணைக்காரர் துரைராசு, மகள் கல்யாண விருந்து முடிந்த கையோடு டிராக்டரை வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டார். தனக்கு ஓட்டத் தெரியாது என்று அவர் எப்படி ஒப்புக்கொள்வார்? குத்தகை நிலத்துக்காக அவரோடு மல்லுக்கட்டிய வைரக்கண்ணுதான், பந்திக்கு இலைக்கட்டு இறக்க வந்தபோது எதையோ கலந்துவிட்டார் என்று புகார். துரைராசு ரத்தத்தில் கொஞ்சம் அபின் தெரிந்தது. வைரக்கண்ணு ரத்தத்தில் துளியும் இல்லை.

"தெரிஞ்சுதான் அவன் வாயில வைக்கலை மேடம்," என்றார் ரத்தம் கொண்டுவந்த போலீஸ்காரர் ரெத்தினம். "ரிப்போர்ட் குடுங்க. ஆளு உள்ளயே இருக்கட்டும்."

வராந்தாவில் வைரக்கண்ணுவின் மனைவி அம்சம் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள்.

அகிலாண்டம் மெஷினைக் கழுவி, உதவியாளர் கண்ணுசாமியின் ரத்தத்தை ஓட்டினாள். அதிலும் அபின்.

"எனக்குப் பொடி போடுற பழக்கம்கூட இல்லம்மா," என்று கண்ணுசாமி அழாத குறையாகச் சொன்னார்.

உதவி இயக்குநர் செல்லதுரைக்குக் கோபம் வந்துவிட்டது. "என் ரத்தத்தை எடுங்க. யார் யோக்கியம்னு தெரிஞ்சுடும்."

தெரிந்தது. அவருடையதில்தான் ஆக அதிகம்.

அவர் உடனே போதைப்பொருள் அலமாரிக்குப் புதுப் பூட்டு போட்டார். சாவியை யாரிடம் கொடுப்பது என்று புரியாமல், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

வேறு வழியில்லாமல் ரெத்தினம் கையை நீட்டினார். அவர் ரத்தம் மட்டும் சுத்தம்.

"நம்ம ஆபீஸ்ல ஒரு போலீஸ்காரர்தான் யோக்கியமா?" என்று செல்லதுரை நொந்துபோனார்.

அகிலாண்டத்துக்குச் சந்தேகம் தட்டியது. "மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

"சனிக்கிழமை விரதம் மேடம். பச்சைத் தண்ணிதான்."

மற்ற மூவரும் கேண்டீனில் குருமா சாப்பிட்டிருந்தார்கள். செல்லதுரை மூன்று முறை கேட்டு வாங்கியிருந்தார்.

"சார், குருமாவுல அரைச்ச கசகசா. அபின் செடியோட விதைதானே அது. புது மெஷினுக்கு அதுல ஒட்டியிருக்கிற அபின்கூடத் தெரியுது. ஏங்க, கல்யாணத்துல என்ன போட்டாங்க?"

அந்தக் கல்யாணத்துக்குப் பந்தோபஸ்து போயிருந்த ரெத்தினம் இழுத்தார். "குருமா. அப்புறம்... கசகசாப் பாயசம்."

செல்லதுரைக்கு உயிர் வந்தது. அறிக்கையில் அப்படியே எழுதச் சொன்னார்.

அகிலாண்டம் வராந்தாவுக்கு ஓடினாள். "யாரும் எதையும் கலக்கலைம்மா. விருந்துச் சாப்பாடுதான் காரணம். உங்க வீட்டுக்காரர் வந்துடுவார்."

அம்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அகிலாண்டத்துக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை.

"அவரும் கல்யாண வீட்லதானே இருந்தாரு? அவர் ரத்தத்துல மட்டும் ஏன் இல்லை?"

அம்சம் சொன்னாள்: "எங்க தெரு ஆளுங்கள அந்தப் பந்தியில உக்கார விடமாட்டாங்கம்மா."