பிரிட்ஜுக்குள் கார்ச் சாவி

ரொறன்ரோ நகரத்தில் பிரிட்ஜோடு பகை வளர்த்த ஒரே மனிதர் எங்கள் உஷ் அண்ணைதான். மில்லிக்கனில் ஒரு வீட்டு பேஸ்மென்டில் அவரும் நானும் அடுத்தடுத்த அறைகளில் வாடகைக்கு இருந்தோம். மேலே வீட்டுக்கார அன்ரி. கீழே எங்கள் குசினியில் அன்ரியின் இரண்டாவது பிரிட்ஜ், நிறைய மீனோடு.

அண்ணைக்குப் பல்கலைக்கழகத்தில் மொழி ஆராய்ச்சி. நியூகினித் தீவின் மலைக் கிராமம் ஒன்றின் மொழியைப் பதிந்துகொண்டிருந்தார். அதைப் பேசுகிற அத்தனை பேரையும் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிடலாம். அவர்களில் ஒருவரான மார்த்தா பக்கத்து நகரமான ஒஷாவாவில் இருந்தார். சனிக்கிழமைதோறும் அண்ணை காரில் போய் அவரை அழைத்துவருவார்.

பதிவு நடப்பது ஜாக்கெட் அலுமாரிக்குள். சுற்றிலும் குளிர் ஜாக்கெட்டுகள் தொங்கினால் எதிரொலி வராதாம். பிரிட்ஜ் இரையும் என்று பிளக்கைப் பிடுங்கிவிடுவார். நாங்கள் தும்மினாலும் "உஷ்!" முதல் வாரமே பிளக்கைத் திரும்பக் கொழுவ மறந்துபோனார்.

"தம்பி, உமக்கென்ன விசரே? என்ரை மீனெல்லாம் நாறிப்போச்சு!"

"மீன் திரும்பவும் வாங்கலாம் அன்ரி. அந்தச் சத்தம் திரும்ப வராது."

அன்றிலிருந்து பிளக்கைப் பிடுங்கியதும், திரும்பக் கொழுவ மறக்காமலிருக்கக் கார்ச் சாவியைப் பிரிட்ஜுக்குள் வைத்துவிடுவார். அதைத் திறக்காமல் மார்த்தாவை வீட்டில் கொண்டுபோய் விட முடியாதல்லவா!

அந்த மொழியில் தொண்டையும் உதடும் ஒன்றாக வெடிக்கிற ஓர் ஒலி உண்டு. அண்ணை அதை பஸ்ஸில் பழகினால் பக்கத்து சீட்டுகள் காலியாகும். எனக்கு வசதிதான். 'நாமிருவர்', 'நீங்களிருவர்', 'அவர்களிருவர்' எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சொல். ஆனால் எதிரே ஆளில்லாமல் மார்த்தா ஒன்றையும் சொல்லமாட்டார்.

"அன்ரி, ஓடி வாங்கோ, 'அவையள் ரெண்டு பேரும்' எண்டதுக்கு ஒராள் காணாது!"

அன்ரி அகப்பையோடு வந்து என் பக்கத்தில் நிற்பார்.

ஒரு தை மாதச் சனிக்கிழமை மார்த்தா கழுத்தைத் தடவிக்கொண்டு வந்தார். அடுத்த சனிக்கிழமை தொண்டையில் ஆப்பரேஷனாம். அதன்பிறகு குரல் வருமென்று டாக்டரால் உறுதி சொல்ல முடியவில்லை. பதியவேண்டியதில் பாதி அப்படியே கிடந்தது. அண்ணை உடனே பிளக்கைப் பிடுங்கினார். மீனைப் பறிகொடுத்த அன்ரி நேரே போய் ஹீட்டரையே நிறுத்தினார்.

"இனி ஒரு சத்தமும் இல்லை. குளிருதெண்டால் ஜாக்கெட்டைப் போடுங்கோ."

ஜாக்கெட்டெல்லாம் மார்த்தாவோடு அலுமாரிக்குள். மாலைவரை நானும் அன்ரியும் ஒரே போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். அடுத்த வெள்ளிவரை தினமும் அதே கூத்து. ஒரு சொல் விடாமல் பதிந்து முடித்தார் மனிதர். அந்தப் பிடிவாதத்துக்கு நான் அடிமை.

பனி உருகியபிறகு மார்த்தா வந்தார். வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. அண்ணை பதிவைப் போடப் போனார். மார்த்தா கையைக் காட்டி நிறுத்தினார். எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்கினார். அண்ணையிடம் கையை நீட்டிக் கார்ச் சாவியை வாங்கிப் பிரிட்ஜுக்குள் வைத்தார். பிறகு வந்து உட்கார்ந்து தன் குரலைக் கேட்டார்.

ஊரையெல்லாம் அடக்கிய அந்த மனிதர் அப்போது சத்தம் போட்டு அழுதார். அவரைப் பார்த்து "உஷ்" என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.